பொன்னுரங்கத்தின் அரை அங்குலம்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கிளம்புகிற காரின் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடும் காது பொன்னுரங்கத்துக்கு. சரி, தாம்பரம் ஸ்டேஷன் என்பது கொஞ்சம் அதிகம்தான். சேலையூர் ஏரிக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நம்ப முடியவில்லை என்றால் எதிர்ப்பக்கத்து டீக்கடை. அதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது.

அந்தக் காதோடு கூடப் பிறந்தது அவருடைய வாய். கோளாறு எங்கே என்று காது சொன்னதும், அது யாருடைய தப்பு என்று வாய் சொல்லும். அந்த யாரோ ஒருவர் ஒருநாளும் பொன்னுரங்கமாக இருந்ததில்லை. அவர் வேலை பார்த்துக் கொடுத்த வண்டி மழையில் நின்றால் தப்பு மழையுடையது. லெவல் கிராஸிங்கில் நின்றால் ரயிலுடையது. கோவிலம்பாக்கத்தில் நடந்த தன் சொந்தக் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக ஐயரைப் பிடித்துக்கொண்டார். "நாழி பாத்து குறிக்கத் தெரியாதா சாமி உங்களுக்கு? ரோடு எவ்ளோ தூரம் கீதுன்னு கேட்டுட்டு குறிக்க வேணாம்?" மணப்பெண் ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பொன்னுரங்கத்தின் அப்பா ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். ஏரியைச் சுற்றி மனை போட ஆரம்பித்ததும் கழனி போயிற்று. பையன் பதினாறு வயதில் மவுண்ட் ரோடில் ஒரு கார் கம்பெனியின் பின்கட்டில் சேர்ந்தான். பதினான்கு வருஷம் இன்ஜினைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அங்கே அடுத்த மேசையில் கியர்பாக்ஸைத் தவிர வேறு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தவர் சவுரிமுத்து. இரண்டு பேரும் சேர்ந்து 1979இல் ராஜகீழ்ப்பாக்கத்தில் வேதாசலம் என்பவருடைய காலி நிலத்தில் ஒரு தகர ஷெட் போட்டார்கள். ஊரில் பாதி நிலம் அப்போது வேதாசலத்துடையது. இன்ஜின் பக்கம் பொன்னுரங்கம், கியர்பாக்ஸ் பக்கம் சவுரிமுத்து. வாய்க்கு வாய் "மச்சான்". ஒருவர் கொண்டுவந்த சோற்றை மற்றவர் சாப்பிட்டார்.

நாலு வருஷம் அப்படி ஓடியது. 1983இல் ஒரு அம்பாசடர் இரும்புலியூர் பக்கம் நடுரோட்டில் நின்றுபோனது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. "கியர்பாக்ஸ்" என்றார் பொன்னுரங்கம். "கிளட்ச்" என்றார் சவுரிமுத்து. கிளட்ச் இன்ஜினோடு சேர்ந்த வேலை, பொன்னுரங்கத்தின் கை. திறந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். திறக்காமல் மூன்று நாள் கத்தினார்கள். வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குக் கட்டி இழுத்துப் போய்விட்டார். அந்த அம்பாசடருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது. ஷெட் மட்டும் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் தகரம் அடித்தார்கள்.

சாமான்களையும் பிரித்தார்கள். ஸ்பேனருக்கு ஸ்பேனர், சுத்திக்குச் சுத்தி. பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று, டம்மி ஷாஃப்ட். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கிற பற்களுக்குள் நுழைந்து, அதையும் தாண்டி, இன்ஜினின் முதுகில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இருக்கும் ஒரு பித்தளைக் குழியில் போய் உட்கார வேண்டும். அது உட்கார்ந்தால்தான் இன்ஜினும் கியர்பாக்ஸும் முகத்தோடு முகம் ஒட்டும். அதனால் கிளட்ச் பிளேட்டை மாட்டும்போதே பழைய ஷாஃப்ட் ஒன்றைக் குழிவரைக்கும் விட்டு, நடு பார்த்து, பிறகு இறுக்குவார்கள். மரப்பிடி போட்ட அந்தப் பழைய ஷாஃப்ட்தான் டம்மி. அது இருந்தது ஒன்று.

"எட்த்துகினு போவச் சொல்லு" என்றார் பொன்னுரங்கம், தகரத்துக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி. "நடு பாக்க எனக்கு கண்ணு கீது. கண்ணு இல்லாதவனுக்குத்தான் கோலு."

அன்றைக்கு ஆரம்பித்து எட்டு வருஷம் கிளட்சைக் கண்ணாலேயே நடு பார்த்து மாட்டினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதில் மிகை எதுவும் இல்லை, கண் அப்படி.

எட்டு வருஷத்தில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பேச்சு நிற்கவும் இல்லை. பொன்னுரங்கம் தன் இன்ஜினைப் பார்த்துச் சொல்வார்: "சில பேரு பல்லு தேஞ்ச கியரை தேச்சி தேச்சி புச்சுன்னு குடுப்பான், நீ அப்பிடிலாம் பண்ண மாட்டே." தகரத்துக்கு அந்தப்பக்கம் சவுரிமுத்து தன் கியர்பாக்ஸிடம் சொல்வார்: "நாய் கொலைக்கசொல்ல நாம பேசக் கூடாது." ஆயுத பூஜைக்குப் பொன்னுரங்கம் உடைக்கிற பூசணிக்காய் ஒவ்வொரு வருஷமும் சவுரிமுத்துவின் வாசலில்தான் சிதறும். டிசம்பரில் சவுரிமுத்து கட்டுகிற நட்சத்திர விளக்கின் கம்பம் ஒவ்வொரு வருஷமும் பொன்னுரங்கத்தின் ஷெட் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். ஜெயக்கொடி மட்டும் சவுரிமுத்துவை "அண்ணா" என்று கூப்பிட்டுப் பேசுவாள். அதற்காக வீட்டில் தினம் ஒரு சண்டை.

1991இல் வேதாசலம் வந்து இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் நின்றார்.

"பின்னால மனைங்களுக்கு இருபதடி ரோடு வுடணும்" என்றார். "ரெண்டு ஷெட்டுல ஒண்ணு போவணும். எது போவணும்னு யோசிச்சி யோசிச்சி எனக்கு பேஜாரா பூட்ச்சி. ரெண்டு பேரும் நான்தான் யோக்கியன், அவன் ஃபிராடுன்னு எட்டு வருஷமா சொல்லிகினு கீறீங்க. பாத்துடலாம். எங்கப்பா வாங்கின மோரிஸ் மைனர் மாட்டுக் கொட்டாயில நிக்குது. கோழி முட்ட வுடுது அதுல. இன்ஜின நீ எடு, கியர்பாக்ஸ அவன் எடுக்கட்டும். ஆயுத பூஜ முடிஞ்சி வர்ற திங்கக்கெழம என் கண்ணு முன்னால ரெண்டையும் சேக்கணும். எவன் பக்கத்துல தப்பு கீதோ அவன் தீபாவளிக்குள்ள காலி பண்ணணும்."

"தப்பே இல்லாம சேந்துட்டா ஐயா?" என்று கேட்டார் சவுரிமுத்து.

"சேந்துட்டா சீட்டு குலுக்கிப் போட்டுக்கலாம்."

"சீட்டுக்கு வேல வராதுய்யா" என்றார் பொன்னுரங்கம், ஷெட் வாசலில் இருந்த புங்க மரத்தைப் பார்த்து.

அதற்குப்பின் இரண்டு மாதம் அவருக்கு அந்த இன்ஜின்தான் சோறு, தூக்கம் எல்லாம். முப்பத்தைந்து வருஷத்து இன்ஜின். கோழி எச்சத்தைச் சுரண்டுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. நாலு சிலிண்டரையும் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தேய்த்து மெருகேற்றி, வால்வு ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்து உட்காரவைத்தார். அந்த ஷெட் போனால் வேறு போக்கிடம் கிடையாது. அதைவிட, சவுரிமுத்து உட்கார்ந்திருக்க தான் எழுந்து போவது என்பதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயக்கொடியிடம் மட்டும், சாதத்தைப் பிசைந்தபடி, "அந்த ஆளு சட்டிபானையத் தூக்கினு போறத நான் சேர் போட்டு உக்காந்து பாக்கறேனா இல்லியா பாரு" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. பொன்னுரங்கத்தின் ஷெட்டில் அது பெரிய விஷயம். ஸ்பேனர் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். இன்ஜினுக்குச் சந்தனம் வைப்பது மட்டும் அவர் கை. வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். மோரிஸின் இன்ஜின் ஸ்டாண்டில் முதுகைக் காட்டி நின்றிருந்தது. வட்டமான ஃப்ளைவீலும் அதன் நடுவே பித்தளைக் குழியும், தாம்பாளத்தில் கண் வைத்த மாதிரி. அதற்கும் வஞ்சனை இல்லாமல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு. மறுநாள் ஃப்ளைவீலைப் பெட்ரோல் துணியால் பளபளவென்று துடைத்தார். கிளட்ச் பிளேட்டை வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடு பார்த்து இறுக்கினார். முடிந்தது வேலை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு ஷெட்டுக்கும் பொதுவாக இருந்த அந்தப் புங்க மரத்தடியில் மூன்றுகால் இரும்புச் சட்டத்திலிருந்து சங்கிலியில் இன்ஜின் தொங்கியது. சவுரிமுத்து சக்கரம் வைத்த பலகையில் கியர்பாக்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேதாசலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெயக்கொடி தூக்கில் காபி கொண்டுவந்து மரத்தோரம் நின்றாள்.

"ஐயா, ஒரு விரக்கட தூக்கச் சொல்லுங்க" என்றார் பொன்னுரங்கம்.

"பக்கத்துலதான நிக்கிறான். நீயே சொல்லேன்."

"அந்த ஆளு கூட நான் பேசறதில்லீங்க."

"நான் மட்டும் பேசறனான்னு கேளுங்கய்யா" என்றார் சவுரிமுத்து. ஆனால் ஒரு விரற்கடை தூக்கினார்.

ஷாஃப்ட் கிளட்சுக்குள் நுழைந்தது. எங்கும் இடிக்கவில்லை. ஆட்டவோ அசைக்கவோ தேவையில்லாமல், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி பற்களோடு பற்கள் பொருந்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. டம்மி வைத்து மாட்டினால்கூட இவ்வளவு சுத்தமாகப் போகாது. சவுரிமுத்துவின் முகம் சுண்டியது.

"கண்ணால போட்டதுங்கய்யா" என்றார் பொன்னுரங்கம். "கோலு கீலு எதுவும் இல்ல. பாத்துக்கச் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் கியர்பாக்ஸ் நின்றது. இன்ஜினுக்கும் அதற்கும் நடுவில் அரை அங்குலம். சூரிய வெளிச்சம் அந்தச் சந்து வழியாகக் கோடு போல வந்து எதிர்ப்பக்கத் தகரத்தில் விழுந்தது.

பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினார்கள். அரை அங்குலம். சவுரிமுத்து கியரைப் போட்டுப் பின்முனையைக் கையால் திருப்பிக்கொண்டே தள்ளினார். அரை அங்குலம்.

"ஷாஃப்ட்டு நீளம்" என்றார் பொன்னுரங்கம். "வேற எந்த வண்டிதையோ கொண்டாந்து சொருவியிருக்கான். அளக்கச் சொல்லுங்க."

சவுரிமுத்து உள்ளே போய், மோரிஸிலிருந்து கழற்றிப்போட்ட பழைய ஷாஃப்டையும் ஸ்கேலையும் எடுத்துவந்தார். புதியதும் பழையதும் மயிரிழை வித்தியாசம் இல்லை. "இப்ப அந்த ஆள அவரு இன்ஜின அளக்கச் சொல்லுங்கய்யா. பொறந்ததுலருந்து எவன் தப்புன்னே பாத்துகினு கீறாரு, ஒரு தபா தன்னோடத பாக்கட்டும்."

"என் இன்ஜினு மேல கைய வெச்சி பேசச் சொல்லுங்க. வெச்ச கை திரும்பிப் போவாது."

"இன்னாத்துக்குடா சண்ட" என்று வேதாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார். "அரை அங்குலம்தான? நாலு போல்ட்ட போட்டு நாலு பக்கமும் முறுக்குங்க. தானா வந்து ஒட்டிக்கிது."

"வேணாம்."

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். கையால் தள்ளி வராததைப் போல்ட் போட்டு இழுத்தால் உள்ளே ஏதோ ஒன்று நொறுங்கும் என்பது மவுண்ட் ரோடு பின்கட்டில் இருவரும் ஒரே ஆளிடம் அடி வாங்கிக் கற்றது. சொன்னபிறகு இரண்டு பேருக்குமே வாயில் கசந்தது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பொன்னுரங்கத்தின் கை போல்ட் டப்பாவின் மேல்தான் இருந்தது. கியர்பாக்ஸின் கூடு அலுமினியம். இழுத்தால் முதலில் உடைவது அதில் போல்ட் மாட்டுகிற காது. உடைந்தால் கியர்பாக்ஸ்தான் சரியில்லை என்று ஆகிவிடும். வேதாசலத்துக்கு இதற்குமேல் ஒன்றும் தெரியாது. நாலு போல்ட். அரை மணி நேரம். தீபாவளிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

டப்பாவைத் திறக்காமல் அவர் மறுபடி ஒரு தடவை தள்ளினார். இந்தத் தடவை தலையைச் சாய்த்து, காதை இன்ஜினோடு வைத்துக்கொண்டார். ஷாஃப்டின் நுனி உள்ளே போய் இடித்தது. இரும்பு பித்தளையில் இடித்தால் 'ணங்' என்று கேட்க வேண்டும். கேட்டது 'தொப்' என்று. மாவு மூட்டையைக் குத்தின மாதிரி.

அந்தச் சத்தம் எந்தப் பக்கத்துச் சத்தம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. கை டப்பாவிலிருந்து தானாக இறங்கியது.

"பின்னுக்கு இழு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

சவுரிமுத்து இழுத்தார். ஷாஃப்ட் வெளியே வந்தது. அதன் நுனியில் மஞ்சளாக ஒரு பொடி ஒட்டியிருந்தது, அதன் நடுவில் சிவப்பாக ஒரு கீற்று. சவுரிமுத்து விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் அந்த விரலை வேதாசலத்தின் மூக்கருகே நீட்டினார்.

"சந்தனம்" என்றார் வேதாசலம்.

"என் ஷெட்ல மாதா படம் கீது, மெழுவத்தி கீது. சந்தனம் கெடையாதுங்கய்யா."

ஈரச் சந்தனம் பித்தளைக் குழிக்குள் நாலு நாளில் கெட்டியாக இறுகியிருந்தது. ஃப்ளைவீலைத் துடைத்த துணி குழிக்குள் போகவில்லை. சவுரிமுத்து மெதுவாகத் தன் ஷெட்டுக்குள் போனார். எட்டு வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த டம்மி ஷாஃப்டை எடுத்துவந்தார். எல்லாரும் பார்க்க அதைக் கிளட்சுக்குள் விட்டார். 'தொப்' என்று நின்றது. உருவினார். நுனியில் மறுபடி சந்தனம். அதைப் பொன்னுரங்கத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எட்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடமே நேராகக் கேட்டார்:

"கிளட்ச் மாட்டசொல்ல இத்த ஒரு தபா வுட்டுப் பாத்தியா நீ?"

பொன்னுரங்கம் அந்தக் கோலைப் பார்த்தார். மரத்தோரம் நின்ற ஜெயக்கொடியை ஒரு தரம் பார்த்தார். அவள் தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தனம் வெச்சது என் கை" என்றார். "என் தப்பு. அவ்ளோதான். காலி பண்ணிக்கறேன்."

வேதாசலத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. "போனா போவுது, சீட்டு வேணா போட்டுப் பாக்கலாமே" என்று இழுத்தார்.

"நீங்க சொன்னது சொன்னதுதாங்கய்யா" என்றார் சவுரிமுத்து. அவருக்கு ஒரு மாதிரியும் ஆகவில்லை.

பொன்னுரங்கம் கம்பியை வளைத்து, பெட்ரோலைத் தொட்டுத் தொட்டு, குழியைத் தானே சுத்தம் செய்தார். பிறகு தள்ளினார்கள். 'களுக்' என்று ஒரு சத்தம். அரை அங்குலம் மறைந்தது. தகரத்தில் விழுந்திருந்த வெளிச்சக் கோடும் போயிற்று. அப்படி ஒட்டிய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அதற்குப்பின் யாரும் பிரிக்க வேண்டி வரவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஊரே பார்க்க, பொன்னுரங்கம் ஏணி போட்டு ஏறித் தன் பெயர்ப்பலகையைத் தானே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சவுரிமுத்து வெளியே வரவில்லை. உள்ளே சுத்தியால் எதையோ அடிக்கிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது. கோவிலம்பாக்கத்தில் மாமனார் மனையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு இன்ஜின் வேலையைத் தொடர்ந்தார். எப்போதாவது அந்த மோரிஸ் அந்தப்பக்கம் போனால் தலையைத் தூக்குவார். "இன்ஜினு கொயந்த மாதிரி தூங்குது பாரு. கியர்பாக்ஸ்தான் மொனவுது" என்பார். கியர்பாக்ஸ் முனகியதாக வேறு யாருக்கும் கேட்டதில்லை. அதனால் என்ன, தன் தப்பைத் தன் வாயால் ஒருமுறையாவது ஒத்துக்கொண்ட மனிதர் என்ற பேர் அவருக்கு இருக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லி முடிக்கும்வரை தன் வீட்டுத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜெயக்கொடி, முறத்தைக் கீழே வைத்தாள்.

"பலகைய கழட்டுனது நானு" என்றாள். "ஏணி மேல ஏறினதும் நானு. அவரு வூட்ல கதவ சாத்திகினு படுத்துகினு கீறாரு அன்னிக்கு. சந்தனமும் அவரு வெக்கல. அவரு பூசணிக்கா வாங்க சேலையூரு போயிருந்தாரு. நான்தான் வெச்சேன். நடுவுல ஓட்டையா கீதே, சாமிக்கு வெக்கிற எடத்துல ஓட்டய வுடலாமான்னு வயிச்சி வயிச்சி ரொப்புனேன். அது அவருக்கும் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்கலன்னு நானும் ரொம்ப நாளு உருகிகினுதான் இருந்தேன். அப்புறந்தான் யோசிச்சேன். சவுரிமுத்து அண்ணன் கேட்டது சந்தனத்தயா? கோல வுட்டுப் பாத்தியான்னுதான கேட்டாரு? வுட்டுப் பாத்திருந்தா சந்தனம் அன்னிக்கே வெளிய வந்திருக்கும். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியாமத்தான் என் தப்ப எடுத்து தன் மேல போட்டுகினாரு. கோலு போடாதது தப்புன்னு இன்னிய வரைக்கும் ஒத்துக்கல. உள்ளதான் ரேடியோ கேட்டுகினு கீறாரு, போய்க் கேட்டுப் பாருங்க."